நறுக்குண்ட ஒலி: இருவாயியும் மலைநாடும்

இசை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் பாடியவர்களைப் பற்றியும் பாடல்களைப் பற்றியுமே எழுதுவர். ஒலியை வளைத்தும் நெரித்தும் உருமாற்றியும் தந்த சிறு பொருள்களின் வரலாறு ஒதுங்கியே கிடக்கின்றது. அத்தகைய சிறு பொருள்களுள் ஒன்று இருவாயி. நெல்மணியளவான கண்ணாடிக் குழாயொன்று, அதன் இரு முனைகளிலும் இரு கம்பிகள், உள்ளே ஒரு துணுக்கு ஜேர்மானியம். தோற்றத்தில் அவ்வளவே அது. மின்கிற்றாரின் ஒலியைச் சிதைத்துக் கரகரக்கச் செய்யும் கால்மிதிப் பெட்டிகள் பலவற்றுக்கு இதுவே உயிர்நிலை. ஆயினும் ஹற்றன், தலவாக்கொல்லை, நுவரெலியா ஆகிய தேயிலைப் பிரதேசங்களுக்கு இப்பொருள் கிற்றாரோடு வரவில்லை. வானொலிப் பெட்டியின் வயிற்றினுள் ஒளிந்திருந்தே வந்தது. அவ்வரவின் கதை மலைநாட்டு மக்களின் செவிக்கு எது அனுமதிக்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பதையும் உடன் கூறுகின்றது.

முதலில் இருவாயி ஒலிக்கு என்ன செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். கிற்றாரின் தந்தியை மீட்டும்போது எழும் மின்னலை மேலும் கீழுமாக அசையும் ஒரு மலைத்தொடர் போன்றது. அவ்வலையை ஒரு விரியலாக்கி பெரிதாக்குகின்றது. பெரிதான அலையின் குறுக்கே இரண்டு இருவாயிகளை எதிரெதிர் முகமாக இணைத்துவிட்டால், அலை ஒரு குறித்த உயரத்தைத் தாண்டியவுடன் இருவாயி கடத்தத் தொடங்கி மிகுதியை நிலத்துக்கு வடித்துவிடுகின்றது. உச்சிகள் நறுக்குண்டு தட்டையாகின்றன. கூரிய சிகரம் மேட்டுநிலமாகிவிடுவது போன்ற நிலை அது. தட்டையான அலையிலே மூல ஒலியில் இல்லாத மேற்றொனிகள் பல பிறக்கின்றன. செவி அவற்றைக் கரகரப்பாகவும் முறுமுறுப்பாகவும் சில வேளை அழுகையாகவும் உணர்கின்றது. பொறியியலார் இதனைத் திரிபு என்பர். அச்சொல்லிலேயே ஒரு தீர்ப்பு அடங்கியுள்ளது.

அத்தீர்ப்பை அப்படியே ஏற்கத் தமிழரின் இசைக்கருவிகள் இடந்தருவனவாய் இல்லை. தம்புராவின் குதிரையில் தந்திக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய நூலொன்று செருகப்படுகின்றது. அதனை ஜீவா என்பர். நூலை மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்தினால், தந்தி குதிரையின் வளைந்த மேற்பரப்பை உரசும் அளவு மாறி, ரீங்காரம் பெருகியும் அடங்கியும் வருகின்றது. நூலில்லாத தம்புரா தூய ஒலி தரும். ஆயினும் அத்தூய ஒலியை எந்தப் பாடகரும் விரும்புவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலே தோற்படைகளுக்கிடையில் வைக்கோற் குச்சிகளையோ சிறு கற்றுணுக்குகளையோ வைப்பதும் இத்தகைய அதிர்வை வேண்டியே. குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம் என்னும் பெயர்களே இவ்வழியாற் பிறந்தன. ஒலியின் தூய்மையை வேண்டுமென்றே சற்றுக் கெடுத்து, கெடுக்கும் அளவைக் கையால் நுணுக்கமாகத் திருத்திக்கொள்ளும் கலை மின்சாரத்துக்கு மிக முற்பட்டது. மேலைநாட்டு இளைஞர் கண்டுபிடித்த குறும்பென்று கிற்றார்த் திரிபைக் கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

தோட்டங்களில் இக்கலையைத் தாங்கிநின்ற கருவி தப்பு. வளையமாக அமைந்த மரச்சட்டத்திலே மாட்டுத்தோலை ஒட்டி, இரு குச்சிகளால் அடிக்கப்படும் இக்கருவி தமிழகக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்களோடு வந்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிலே 1867இல் தேயிலையை வணிகப் பயிராக நடத்தொடங்கியபோதும், 1869 முதற் பரவிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோதும், பொழுது புலருமுன் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பொலியே. சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட வாழ்வைப் பற்றி எழுதியவற்றில் அவ்வதிகாலை முழக்கம் நீங்காத இடம் பெற்றமைக்குக் காரணம் உண்டு. ஒரே கருவி துரையின் கட்டளையாகவும் காமன் கூத்தின் களிப்பாகவும் சாவு வீட்டின் துயராகவும் ஒலித்தது. மாசி, பங்குனி மாதங்களில் ரதியும் மதனும் ஆடும்போது முழங்கிய தப்பு, விடிந்ததும் கொழுந்து பறிக்க அழைத்தது. ஒரு கருவிக்கு இத்தனை முரணான பணிகளை வேறெந்தச் சமூகமும் சுமத்தியிருக்குமா என்பது ஐயமே.

மலைநாட்டுப் பனியிலும் மழையிலும் தோல் ஈரமேறித் தொய்வது இயல்பு. தொய்ந்த தோல் மந்தமாக ஒலிக்கும். ஆகவே அடிப்பதற்கு முன்னர் வைக்கோலையோ சருகையோ எரித்து, தீயின்மேல் தப்பைக் காட்டித் தோலை இறுக்குவர். எவ்வளவு நேரம் காய்ச்சுவது, எப்பொழுது நிறுத்துவது என்பது கலைஞரின் விரல் அறிந்த கணக்கு. கூடக் காய்ச்சினாற் கீச்சிடும், குறையக் காய்ச்சினால் உறங்கும். இத்திறமையை உடையோர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டனர் என்பதும், கூத்துக்கும் சாவுக்கும் அவர்களின்றி அமையாது என்றிருந்தும் அவர்களது ஒலி கலையென மதிக்கப்படவில்லை என்பதும் இவ்வரலாற்றின் இருண்ட பக்கம்.

இருவாயியின் கதை வேறிடத்தில் தொடங்குகின்றது. சில கனியங்கள் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே எளிதாகக் கடத்துகின்றன என்பதை ஜேர்மனியரான பேர்டினன்ட் பிறவுண் 1874இற் கண்டார். கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போஸ் கலீனா என்னும் ஈயக் கனியத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவியொன்றை அமைத்தார். அதற்கு 1904இல் அமெரிக்க ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பிளெமிங் வெற்றிட வால்வைச் செய்தார். குறைகடத்தி இருவாயியின் முன்னோடிகளுள் ஒன்று இந்தியத் துணைக்கண்டத்தில் உருவானது என்பதைக் கிற்றார் வரலாறுகள் பெரும்பாலும் கூறாமற் கடந்துவிடுகின்றன. இரண்டாம் உலகப் போரிலே ராடர்க் கருவிகளுக்காக ஜேர்மானிய இருவாயிகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. போர் முடிந்ததும் அவை கடைச்சரக்காயின. 1947 டிசெம்பரில் திரான்சிற்றர் பிறந்தது. 1954இற் சட்டைப்பைக்குள் அடங்கும் முதலாவது திரான்சிற்றர் வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இலங்கையில் வானொலி இதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு அமைத்த பரப்பியினால் 1923இற் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். 1925 டிசெம்பர் 16இல் முறையான சேவை கொழும்பில் ஆரம்பமாயிற்று. பிறர் கழித்த உறுப்பைக் கொண்டு தன் கருவியைத் தானே ஆக்கிக்கொள்வது இந்நாட்டு வானொலிக்குப் பிறவிக்குணம் எனலாம். ஆனால் வால்வு வானொலிக்கு மின்சாரம் வேண்டும், அல்லது பெரிய மின்கலம் வேண்டும். பங்களாவில் இரண்டும் இருந்தன. லயத்தில் இரண்டும் இல்லை.

இங்கேதான் மலைநாட்டு வரலாற்றின் பெரிய முரண் எதிர்ப்படுகின்றது. இலங்கைக்கு மின்சாரம் தந்த நீர் இம்மலைகளில் இருந்தே இறங்கியது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல ஓடைநீரிற் சுழலிகளை அமைத்துத் தமக்கு வேண்டிய வலுவைத் தாமே பெற்றன. டி. ஜே. விமலசுரேந்திரவின் முயற்சியால் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் 1912இற் சிறு நீர்மின் நிலையம் எழுந்தது. 1918இல் அவர் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை, களனியின் கிளையாறுகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்வலு பெறலாம் எனக் காட்டிற்று. பல்லாண்டு இழுபறிக்குப் பின்னர் 1950இல் லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது. காசல்ரி அணையும் மவுசாகலை அணையும் 1960களில் எழுந்தன. மவுசாகலை நீரில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன. அந்நீர்த்தேக்கங்களின் கரையிலிருந்த லயங்களிலோ மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்கம்பிகள் லயக் கூரைகளின் மேலாகக் கொழும்பு நோக்கிச் சென்றன.

ஆகவே லயத்துக்குள் நுழைந்த முதல் மின்னொலி மின்கலத்தில் இயங்கிய திரான்சிற்றர் வானொலியாக அமைந்தமை வியப்பன்று. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு அப்பெட்டி இரு நாடுகளின் குரல்களையும் கொணர்ந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசைக்கு அகில இந்திய வானொலியின் கதவைச் சாத்தியபோது, இந்திய நேயர்கள் திரண்டு இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். தமிழ்த் திரைப்பாடல்கள் கொழும்பிலிருந்து கடல்கடந்து தமிழகத்துக்கும், மலை கடந்து லயத்துக்கும் ஒரே வேளையிற் சென்றன. அவ்வானொலியின் உள்ளே இடைநிலை அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் இடத்தில் ஒரு ஜேர்மானிய இருவாயி இருந்தது. வந்துசேரும் அலையின் ஒரு பாதியை வெட்டியெறிந்து மறுபாதியை மட்டும் கடத்துவது அதன் பணி. அவ்வெட்டு நிகழாவிடிற் பாடல் கேளாது. அன்று லயத்திலே பாட்டுக் கேட்டவர் எவரும், தாம் கேட்பது பாதி வெட்டப்பட்ட அலை என்று எண்ணியிருக்கமாட்டார்.

நறுக்குண்ட ஒலியை மலைநாடு அறிந்த மற்றொரு வழி கூம்பு ஒலிபெருக்கி. கோயில் திருவிழாவிலும் தொழிற்சங்க மேடையிலும் மரத்திலும் கம்பத்திலும் கட்டப்பட்ட அக்கூம்புகள், அடுத்த மலைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக விரியலாக்கியின் எல்லைக்கு அப்பாலும் முடுக்கப்பட்டன. தன்னாற் கொடுக்க இயன்ற உச்ச வோல்ற்றளவை எட்டியதும் விரியலாக்கி அலையின் தலையைத் தானே தட்டையாக்கிவிடும். திரையிசைப் பாடகரின் குரல் ஓரங்கள் கிழிந்து மலைச்சரிவெங்கும் பரந்தது. இக்கிழிசல் யாரும் வேண்டிப் பெற்றதன்று. ஆயினும் திருவிழா என்றதும் பலரது செவியில் எழுவது இவ்வொலியே. நடேசையரும் மீனாட்சியம்மையும் தோட்டந்தோட்டமாகச் சென்ற நாள்களில் இவ்வசதி இல்லை. மீனாட்சியம்மை தாம் இயற்றிய பாடல்களைக் கூட்டங்களிலே வெறுங்குரலாற் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். அப்பாடல்கள் 1940இல் நூலாயின. அக்குரல் எத்தனை பேருக்கு எட்டியது என்பதைத் தீர்மானித்தது தொண்டையின் வலிமையும் காற்றின் திசையுமே.

கிற்றாரின் திரிபொலியும் பிறநாட்டில் விபத்தாகவே பிறந்தது. 1951இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஐக் ரேணரின் குழு ஒலிப்பதிவுக்கு வந்தபோது கிற்றார்க் கலைஞரின் விரியலாக்கி பழுதுபட்டிருந்தது. அதன் ஒலிபெருக்கியிற் காகிதத்தைத் திணித்துப் பதிவை முடித்தனர். 1958இல் லிங் ரே தம் ஒலிபெருக்கியின் கூம்பிலே பென்சிலாற் துளையிட்டுப் பெற்ற கரகரப்பு, சொற்களே இல்லாத ஓர் இசைத்தட்டைச் சில வானொலி நிலையங்கள் விலக்கி வைக்கும் அளவுக்கு அச்சமூட்டிற்று. 1961இல் நாஷ்வில்லில் ஒலிப்பதிவு மேசையின் பழுதால் ஒரு பாடலின் கிற்றார்ப் பகுதி சிதைந்தது. அதனை அழிக்காமல் விட்டனர். அவ்வொலியை வேண்டும்போது பெற வழிதேடியதன் பயனாக 1962இல் மேஸ்ட்ரோ நிறுவனத்தின் கால்மிதிப் பெட்டி கடைக்கு வந்தது. 1964இல் இலண்டனில் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் சவர அலகால் ஒலிபெருக்கியைக் கீறினார். பழுதைத் திருத்தாது பேணிய இவர்களது துணிவே பின்னர் ஒரு தொழிலாக வளர்ந்தது. இருவாயி கொண்டு நறுக்கும் முறை 1960களின் இறுதியிலும் 1970களிலும் பரவிற்று. பிக் மப் பெட்டி 1969இலும், ஜப்பானின் பொஸ் நிறுவனத்து டீஎஸ் 1 பெட்டி 1978இலும் வந்தன.

இலங்கையிலே மின்கிற்றார் முதலிற் கொழும்பு நடன மண்டபங்களுக்கும் பைலா மேடைகளுக்கும் உரியதாயிருந்தது. சிங்கள மெல்லிசையில் அதனை முன்னணிக்குக் கொணர்ந்தவரெனப் போற்றப்படும் கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் ஹப்புத்தளையில், தேயிலை மலைகளின் நடுவே பிறந்தவர். மூன்ஸ்ரோன்ஸ் குழு அவரது முதற்புகழ். தமிழிலே நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலானோர் பைலாவின் தாளத்தைத் தழுவிய பொப்பிசையை வளர்த்தனர். மனோகரனின் ‘சுராங்கனி’ பாக்குநீரிணைக்கு அப்பாலும் ஒலித்தது. இவ்விசையிற் கிற்றார் பெரும்பாலும் தூய ஒலியினதே. சிரிப்புக்கும் கேலிக்கும் அது போதும். கோபத்துக்குப் போதுமா என்பது அன்று எழாத வினா.

திரிபுப் பெட்டியைக் கையால் அமைப்பதில் உள்ள நயம் இவ்விடத்தில் விரித்துரைக்கத் தக்கது. ஒன்பது வோல்ற்று மின்கலமொன்று, ஒரு திரான்சிற்றர் அல்லது ஒரு செயற்பாட்டு விரியலாக்கித் துண்டு, சில தடையிகள், சில கொள்ளளவிகள், இரண்டு இருவாயிகள், காலால் மிதிக்கும் ஆளி, இவற்றை அடக்க ஒரு தகரப்பெட்டி: இவ்வளவே மூலப்பொருள். கிற்றாரின் மின்னலை மிகச் சிறியது. ஒரு வோல்ற்றின் சிறு பின்னமே. அதனைப் பலமடங்கு பெருக்கினாலன்றி இருவாயியின் எல்லையை அது தொடாது. எல்லை எங்கே என்பது பொருளைப் பொறுத்தது. ஜேர்மானிய இருவாயி ஏறத்தாழ 0.3 வோல்ற்றிலேயே கடத்தத் தொடங்கும், அதுவும் படிப்படியாக. ஆதலால் நறுக்கு மென்மையாக, உருண்டையாக விழும். ஒலி சற்றுத் தாழும். சிலிக்கன் இருவாயி 0.6 வோல்ற்று வரை பொறுத்திருந்து திடீரெனக் கடத்தும், நறுக்கு கூரிது. செந்நிற ஒளிகாலும் இருவாயி 1.7 வோல்ற்றளவு வரை விட்டுக்கொடுக்கும். எனவே அலை பெரிதாகவே வெளிவரும், விரலின் அழுத்தமும் தளர்வும் மிகுதியாகத் தெரியும்.

இவற்றுள் ஒன்றையே நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுவது கடைப்பெட்டியின் வழக்கம். வீட்டிற் செய்வோர் அதில் நிறைவடைவதில்லை. சுழலும் ஆளியொன்றைப் பொருத்தி, அதன் ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு வகை இருவாயிச் சோடியை இணைத்துவிடுவர். ஆளியைத் திருப்பினால் எல்லை மாறும். இரண்டு இருவாயிகளைத் தொடராக இணைத்தால் எல்லை இரட்டிக்கும். இருவாயிக்கு முன்னே மாறுந்தடையி ஒன்றை வைத்தால், நறுக்கு முழுமையாக விழாமல் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே விழும். குமிழைத் திருகத் திருக ஒலி தூய்மையிலிருந்து கரகரப்புக்கு வழுவிச் செல்லும். மேற்பக்கத்துக்கு ஓர் இருவாயியும் கீழ்ப்பக்கத்துக்கு இரண்டும் வைத்தால் அலை சமச்சீர் இழக்கும். சமச்சீரான நறுக்கில் ஒற்றைப்பட மேற்றொனிகளே பிறக்க, சமச்சீரற்றதில் இரட்டைப்பட மேற்றொனிகளும் கலந்து ஒலி தடிக்கும். இருவாயிகளை நிலத்துக்கு இணையாது விரியலாக்கியின் பின்னூட்டப் பாதையில் வைப்பது மற்றொரு முறை. அதில் மூல ஒலி சிதைவினூடும் ஓரளவு உயிரோடிருக்கும். ஒளிகாலும் இருவாயியை வெளித்தெரியப் பொருத்தியிருந்தால், தந்தியை ஓங்கி மீட்டும்போதெல்லாம் அது மினுங்குவதைக் காணலாம். தம்புராவின் நூலை நகர்த்துவோனுக்கும் தப்பைத் தீயிற் காட்டுவோனுக்கும் இவ்வேலை புதிதாகத் தோன்றாது.

ஜேர்மானியம் வெப்பத்துக்கு அஞ்சும் பொருள் என்பதையும் இங்கு சேர்த்துரைக்கலாம். வெப்பம் ஏறஏற அதன் கசிவோட்டம் பெருகும், எல்லை வோல்ற்றளவு ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ இரண்டு மில்லிவோல்ற்று வீதம் இறங்கும். ஜேர்மானியத் திரான்சிற்றரில் அமைந்த பழைய பெட்டிகள் வெப்பமான மேடைகளிற் குணம் மாறிவிடும் என்பது கலைஞர் அறிந்ததே. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர், கொழும்பின் புழுக்கத்தைக் காட்டிலும் அதற்கு இசைவானது. தோலைத் தொய்யவைக்கும் அதே மலைக்காற்று இங்கே துணையாகின்றது.

1970 முதல் 1977 வரையான காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தன. அந்நியச் செலாவணி இன்மையால் இசைக்கருவிகளும் மின்னணு உறுப்புகளும் ஆடம்பரப் பொருள்களாயின. கடையில் உறுப்பு கிடையாதபோது பழுதான வானொலியே உறுப்புக்களஞ்சியம். திருத்துநரின் மேசையிற் கழிக்கப்பட்ட சுற்றுப்பலகை ஒவ்வொன்றிலும் ஒலிபிரிக்கும் ஜேர்மானிய இருவாயி ஒன்றேனும் இருந்தது. அதனைப் பற்றாசு இளக்கிக் கழற்றி, மற்றொரு பெட்டியிலிருந்து இணையொன்றைச் சேர்த்தால் நறுக்குச் சுற்றின் சோடி கிடைத்துவிடும். பாடலைப் பிரித்துத் தந்த அதே துண்டு பாடலைச் சிதைக்கவும் வல்லது என்பது இயற்பியலின் விந்தை.

எனினும் அக்காலத்தைப் பேசும்போது கிற்றாரை மட்டும் பேசுவது பொய்யாகும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974 ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் லயங்களை வாட்டியது. பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1964இன் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியாவுக்குச் செல்வதற்கெனக் குறிக்கப்பட்ட 5,25,000 பேரில் குடும்பங் குடும்பமாகப் பலர் தலைமன்னார் நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்திலே காணிப் பறிப்பை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். பின்னர் 1977இலும் 1983இலும் வன்செயல்கள் மலைநாட்டையும் தீண்டின. இத்தகைய நாள்களில் ஒலியைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கென்று கேட்கலாம். அப்பஞ்சத்திலும் காமன் கம்பம் நடப்பட்டது, அர்ச்சுனன் தபசு ஆடப்பட்டது, சாவு வீட்டிற் தப்பு முழங்கிற்று. பசித்த மக்கள் ஒலியை முதலில் துறந்துவிடுவர் என்பது வயிறு நிறைந்தோரின் ஊகம்.

ஒலிக்கு எல்லை வகுக்கும் உரிமை யாருடையது என்னும் வினாவுக்கு மலைநாட்டின் வரலாறு வேறொரு சான்றும் தருகின்றது. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டமே முரசடித்தலை அனுமதிக்கு உட்படுத்திற்று. கம்பளையில் வல்லாகொட தேவாலயத்தின் பெரகரா, அம்பகமுவ வீதியிலிருந்த பள்ளிவாசலின் முன்னால் மேளத்துடன் செல்லலாமா என்னும் தகராறு 1912இல் முற்றியது. பள்ளிவாசலுக்கு இருமருங்கும் குறித்த தூரத்துக்கு மேளம் நிறுத்தப்பட வேண்டுமென அரசாங்க அதிபர் விதித்தார். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1915 பெப்ருவரியில் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. அவ்வாண்டு மே மாதம் கலவரம் நாட்டின் பல பாகங்களிற் பரவிற்று. மேளம் மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆயினும் வீதியின் எந்த முழத்தில் எவ்வளவு ஒலி என்பது அரசு அளந்து எழுதிய விடயமாயிருந்தது. இந்தியாவிலோ 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வானொலி நிலையங்களில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது. நம் இசையின் கமகங்களை அது கெடுக்கின்றதென்பது காரணம். தெருக்கூத்துக்கும் பஜனைக்கும் மேடை நாடகத்துக்கும் துணைநின்ற கருவி, வானலைக்கு மட்டும் தீட்டாயிற்று. தடைசெய்தோர் செவிநுட்பம் மிக்கோரே. ஆனால் அவர்கள் காத்தது எவருடைய இசை என்பதையும் கேட்க வேண்டியுள்ளது.

தப்பின்மேற் சுமத்தப்பட்ட இழிவு இவ்வரிசையில் மிகப் பழையது, மிக ஆழமானது. அதனை எழுத்துச் சட்டம் விதிக்கவில்லை. கோயிலின் எந்த வாயில்வரை தப்பு செல்லலாம் என்பதை ஊரே விதித்தது. அண்மைக் காலத்திலே தப்பைப் பள்ளி மேடையிலும் பல்கலைக்கழக மேடையிலும் ஏற்ற மலையக இளைஞர் பலர் முயன்றுள்ளனர். மேடையேறிய பின்னரும் ஒலிவாங்கியின் முன்னே தப்பை வைக்கும்போது தொழில்நுட்பர் முதலிற் செய்வது அதன் உச்சியை வெட்டிச் சமப்படுத்துவதே என்பது ஒரு பக்கச் செய்தி. அவ்வெட்டு கருவியைக் காப்பதற்கா, கேட்போரைக் காப்பதற்கா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. ஒலிநாடாப் பெட்டிகளும் ஜப்பானியக் கருவிகளும் ஹற்றன், நுவரெலியாக் கடைவீதிகளை நிறைத்தன. 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. திரிபுப் பெட்டியைச் செய்ய வேண்டிய தேவை குறைந்தது. வாங்கும் பணம் மட்டும் எல்லோரிடமும் இருக்கவில்லை. ஜேர்மானிய இருவாயியைப் பெருந்தொகையாகச் செய்த நிறுவனங்கள் சிலிக்கனுக்கு மாறின. அதனாற் பழைய வானொலிகளிலிருந்து கழற்றிய இருவாயிகளை உலகெங்கும் கிற்றார்ப் பெட்டி செய்வோர் இன்று தேடி வாங்குகின்றனர். ஒவ்வொன்றின் எல்லை வோல்ற்றளவையும் அளந்து, ஒத்தவற்றைச் சோடி சேர்க்கின்றனர். லயங்களில் ஒருகாலத்திற் கொழும்பின் பாடல்களைத் தந்து, பின்னர் பழைய இரும்புக்காரரிடம் நிறைக்கு விற்கப்பட்ட பெட்டிகளினுள்ளும் அத்தகைய துண்டுகள் இருந்தன.